குதிகால் திருப்பும் இடம்

வூச் என்றால் படகு.
ஊருக்குப் பெயர் அது; ஆற்றைத்தான் காணோம்.
ஆலைக்காலத்தில் மூடிவிட்டார்கள்,
தெருவுக்கடியில் குழாயில் ஓடுகிறது.
மூன்றாம் மாடியில் என் அறை.
கீழே டிராம் வளையும்போதெல்லாம்
ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கும்.

வியாழன், பத்து மணி: கெனோவெஃபா, வயது எழுபத்தொன்று.
இதயத்தில் கோளாறு இல்லை என்று
இதய மருத்துவர் எழுதி அனுப்பியிருந்தார்.
பிறகு எங்கே என்று எழுதவில்லை.

அவள் பேச்சில் ஆளே இல்லை.
கதவு சாத்தியாச்சு. சூப் வெச்சாச்சு.
இரவெல்லாம் விழிப்பு.
நெஞ்சில் கல் வைத்தது போல, யாருக்கோ.
அந்த மொழியில் 'நான்' என்று தனியே சொல்ல வேண்டாம்,
வினையின் வாலே சொல்லிவிடும்.
அந்த வாலையும் அவள்
கீரைத் தண்டு போல நறுக்கி எறிந்திருந்தாள்.

எனக்குள் ஒரு குறளி குதித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.
பத்து நாள், தென்கிழக்கு மலையில், பேசாமல்,
முழங்கால் வீங்க உட்கார்ந்து
நான் உதிர்க்கப் பார்த்த ஒன்றை
இவள் உதிர்த்துவிட்டே வந்திருக்கிறாளே!

கண்ணை மூடுங்கள் என்றேன். மூச்சு வருவதைப் பாருங்கள்.
நாலாவது மூச்சில் அவளுக்குச் சாவிக்கொத்து கேட்டது.
கணவர் செத்து ஆறு வருடம்.
படியேறி வருகிற சாவி. எந்தப் படியில் நிற்கும்,
எந்த நாளில் நிற்காமல் வரும் என்பதெல்லாம்
முப்பத்தெட்டு வருடம் காதாலேயே கற்றவள்.
கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு
"மன்னிக்கணும்" என்றாள்.
என்னிடமா, சாவியிடமா.

அன்றிலிருந்து கண் திறந்தே உட்கார்கிறோம்.
மூச்சு வேண்டாம், பாதம் போதும்.
செருப்பைக் கழற்றிவிட்டு, இருவரும்,
தரை எங்களைத் தாங்குவதை மட்டும்.
ஹீட்டர் குழாய் டொக் டொக்கென்று தட்டும். தட்டட்டும்.

அப்படியும் என் வாய் சும்மா இருக்கவில்லை.
காலுறை ஆலையில் வேலை பார்த்தவள்,
புரியட்டுமே என்று ஒருநாள் ஆரம்பித்தேன்:
"ஒரு காலுறையைப் பிரித்துக்கொண்டே போனால்
கடைசியில் நூல்தான். காலுறை எங்கே?
'நான்' என்கிறோமே, அதுவும் அப்படித்தான்."
முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.
புதிதாய்ச் சேர்ந்த பெண் ஊசியை ஒடித்தால்
மேஸ்திரி பார்க்கும் பார்வை.
"முதலில் காலுறை இருக்கணும், டாக்டர்.
குதிகால் திருப்பாததைப் பிரித்தால்
வருவது நூல் இல்லை. சிக்கு."

நான் டாக்டர் இல்லை. அன்று அதைத் திருத்தவில்லை.

மார்ச்சில், பனி கறுத்து வடிந்த ஒரு வியாழன்,
உட்காரும் முன்பே சொன்னாள்:
"நேற்று சூப்பில் சதகுப்பை போடவில்லை."
டிராம் வளைந்து முடியும் வரை இருந்தாள்.
"எனக்கு அது பிடிக்காது.
எப்போதுமே பிடித்ததில்லை."
யாருக்குப் பிடிக்கும் என்பதை
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு.
தினமும் விடிகாலையில் உட்கார்ந்து
விரலிடுக்கில் மணல் விடுவதுபோல்
நான் விடப் பார்க்கும் சொல்.
இதோ, எழுபத்தொரு வயதில்,
தொப்புள்கொடி ஈரம் காயாமல்.
இதைக் கையில் ஏந்திக்கொண்டு
இதுவும் வெறும் தோற்றம் என்று சொல்ல
நான் என்ன கல்லா?
ஒருநாள் சொல்லலாம். சொல்லாமலும் போகலாம்.
ஆற்றையே பார்க்காதவளிடம்
படகை விட்டுவிடு என்பது என்ன பேச்சு.

காப்பீட்டுப் படிவத்தில் 'முன்னேற்றம்' என்று ஒரு கட்டம்.
'சதகுப்பை இல்லை' என்று எழுதினேன்.
இருமுறை திருப்பி அனுப்பினார்கள்.

போன வாரம், பாதங்களோடு இருந்தபோது
அவள் கண் என் காலில் நின்றது.
"உங்கள் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது."
கவனம் நழுவுகிறது, மெல்லத் திரும்புங்கள் என்று
நான் சொல்லியிருக்க வேண்டும்.
"அடுத்த வியாழன் ஊசி கொண்டு வருவேன்" என்றாள்.
வருவேன்.
கட்டைவிரலை மடக்கி
ஒளித்துக்கொண்டேன்.